15ஆம் நூற்றாண்டு ஓக் மரச்சட்டக் குடில்: வளைமரமா, பெட்டிச் சட்டமா? வைக்கோல் கூரையை முழுசாகப் பிரிக்கலாமா?

அளவுநாடா:

வணக்கம். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுஷயரும் பக்கிங்ஹாம்ஷயரும் சேரும் எல்லையில், ஓக் மரச்சட்டமும் வைக்கோல் கூரையும் கொண்ட ஒரு குடிலை அளந்து வரைபடம் போடுகிறேன். சட்டப் பாதுகாப்புள்ள பழங்கட்டடங்களின் பட்டியலில் கிரேடு 2 தரத்தில் உள்ள கட்டடம். பட்டியல் குறிப்பு "15 முதல் 17ஆம் நூற்றாண்டு, மரச்சட்டம்" என்பதோடு முடிந்துவிடுகிறது.

மொத்தம் மூன்று அங்கணம் (இரண்டு சட்டங்களுக்கு இடைப்பட்ட பகுதி), ஒவ்வொன்றும் சுமார் 4.6 மீட்டர். நடு அங்கணத்தில் பெரிய செங்கல் புகைபோக்கி. மேற்குப் பக்கப் படுக்கையறையில் இரண்டு பெரிய வளைந்த மரங்கள் தரைப்பலகையிலிருந்து கிளம்பி முகட்டுக்கு அருகே சேர்கின்றன. கிழக்குக் கடைசியில் அப்படி எதுவும் இல்லை. அங்கே நேர்த் தூண், குறுக்கு விட்டம், சதுரச் சதுரமான கட்டங்கள் மட்டும்.

சிக்கல்கள் இவை. தெற்குச் சுவரின் அடிச்சட்டத்தில் (சுவருக்கு அடியில் படுத்திருக்கும் மரம்) திருப்புளியை அழுத்தினால் 40 மி.மீ. உள்ளே இறங்குகிறது. கட்டங்களுக்கு வெளிப்பக்கம் சிமென்ட் பூச்சு. தோட்டத்து மண் ஏறக்குறைய அடிச்சட்ட மட்டத்துக்கு உயர்ந்திருக்கிறது. கூரை இப்போது நீள்வைக்கோல். பழையதை கைமரம்வரை பிரித்துவிட்டு நாணல் வேயலாம், அதுதான் நீண்ட நாள் வரும் என்கிறார் கூரை வேய்பவர்.

வீட்டை எப்படிப் படிப்பது, எதில் கை வைக்கலாம், எதில் கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உளிமுனை:

அந்த வளைந்த மரங்களில் இருந்து தொடங்குங்கள். கீழ்த்தளத்தில் அதே இடத்தில் சுவரைத் தட்டிப் பாருங்கள். தரையிலோ தாழ்ந்த கல் மேடையிலோ தொடங்கி, ஒரே மரமாக முகடுவரை போனால் அது முழு க்ரக், அதாவது வளைமரச் சோடி. அடிமரம் வளைந்த ஓக்கைத் தேர்ந்து, நீளவாக்கில் இரண்டாக அறுத்தோ பிளந்தோ, எதிரெதிரே நிறுத்துவார்கள். இரண்டிலும் கணுக்களைப் பாருங்கள். ஒரே உயரத்தில், கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிரெதிரே வந்தால் இரண்டும் ஒரே மரத்தின் பாதிகள்.

இதைக் கண்டுபிடிப்பது வெறும் ஆர்வத்துக்காக இல்லை. க்ரக் வீட்டில் கூரையின் பாரம் வளைமரம் வழியாக நேரே தரைக்குப் போகிறது. வெளிச்சுவர் பெரும்பாலும் திரை மாதிரிதான். பெட்டிச் சட்டத்தில் அப்படி இல்லை: கைமரம் சுவர்த்தலை உத்திரத்தில் உட்காருகிறது, உத்திரம் தூணில், தூண் அடிச்சட்டத்தில். உங்கள் வீட்டில் இரண்டும் இருப்பதால், தெற்குச் சுவரில் எந்த அங்கணத்தைத் தொடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து முட்டுக் கொடுக்கும் முறையே மாறும்.

பார்த்த அளவில் மேற்கு அங்கணங்கள் முந்தியவை, கிழக்கு பின்னால் சேர்த்தது என்று தோன்றுகிறது. ஸ்ட்ராட்ஃபோர்டு அருகே ஷாட்டரியில் இருக்கும், ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்தவேயின் குடிலும் இதே கதைதான். 1460களில் எழுந்த க்ரக் வீடு, 17ஆம் நூற்றாண்டில் நீட்டப்பட்டது. க்ரக் கட்டுமானம் மேற்கு, வடக்கு, நடு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தான் பரவலாகக் கிடைக்கும். கென்ட், எசெக்ஸ், கிழக்கு ஆங்கிலியா பக்கம் கிடையாது. உங்கள் ஊர் அந்தப் பரப்பின் கிழக்கு ஓரத்தில் வருகிறது. முழு அளவில் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் வூஸ்டர்ஷயரில் லீ கோர்ட் களஞ்சியத்துக்குப் போய் வாருங்கள். 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தது, பிரிட்டனிலேயே மிகப் பெரிய க்ரக் கட்டடம்.

மேலும் பார்க்க வேண்டியவை:

மூட்டுகளுக்கு அருகே ரோமன் எண் போன்ற கீறல்கள் இருக்கும். தச்சர்கள் மரச்சட்டத்தை முதலில் தரையில் கிடத்தி, மூட்டுக்கு மூட்டு பொருத்திப் பார்த்து, எண் போட்டு, பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கீறல் இருக்கும் முகம்தான் நல்ல முகம், மர ஆணியும் அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கப்பட்டிருக்கும். எண் வரிசை எங்கே அறுந்து புதிதாகத் தொடங்குகிறதோ, அங்கே வேறு காலத்து வேலை தொடங்குகிறது என்று சந்தேகப்படலாம்.

விட்டங்களின் அடிமுகத்தைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். வரிசையாக வட்டத் துளைகளும், நேர் கீழே உள்ள மரத்தின் மேல்முகத்தில் நீளமான பள்ளமும் இருந்தால், அங்கே ஒரு மண்சுவர் இருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. துளைகள் வட்டமாக இல்லாமல் வைர வடிவில் இருந்தால் அது கண்ணாடி இல்லாத பழைய சன்னல். மூலைவாட்டில் நிறுத்திய மரக்கம்பிகளின் குழிகள் அவை. காலியான துளைகளைக் கண்டதும் "உடைந்த கப்பலின் மரம்" என்று யாராவது சொல்வார்கள். கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் அதை நம்பாதீர்கள். கலைத்த தடுப்புச் சுவரோ, வேறு வீட்டிலிருந்து வந்த மரமோதான் காரணம்.

குறுக்கு விட்டத்தைத் தவறாமல் பாருங்கள். நடுவில் மேல்தளம் போட்ட காலத்தில் தலை இடிக்கிறதென்று, கதவு வழி விடுவதற்காக அதை அறுத்துவிடுவது மிகவும் சகஜம். பெட்டிச் சட்டத்தில் அந்த விட்டம்தான் எதிரெதிர்ச் சுவர்கள் விலகாமல் பிடித்திருக்கிறது. அறுபட்டிருந்தால் சுவர்த்தலை வெளியே தள்ளும், கைமரத்தின் கால் நழுவும், முகடு தொய்யும். முகடு தொய்ந்த வீட்டில் கூரையைக் குறை சொல்வதற்கு முன்னால் இதைத் தேடுங்கள்.

காலம் துல்லியமாக வேண்டுமென்றால் மரவளைய ஆய்வுதான் வழி. மாதிரி மரத்தில் குறைந்தது 50 வளையமாவது வேண்டும், பட்டையை ஒட்டிய இளமரமான வெளிறும் இருக்க வேண்டும். பட்டைவரை வெளிறு முழுசாகக் கிடைத்தால் வெட்டிய ஆண்டே கிடைக்கும். வெளிறு பாதி உதிர்ந்திருந்தால், இங்கிலாந்து ஓக்குக்கு வெளிறு வளையம் 9 முதல் 41 வரை என்ற கணக்கில் ஒரு வீச்சைத்தான் சொல்ல முடியும். அந்தக் காலத்தில் ஓக்கைப் பச்சையாகவே இழைத்துக் கட்டினார்கள் என்பதால், வெட்டிய ஆண்டும் கட்டிய ஆண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். துளையிடுவதற்கு முன் உள்ளாட்சியின் பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலரிடம் பேசிவிடுங்கள்.

சுண்ணாம்புப்பால்:

அடிச்சட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன். அதைக் கெடுத்தவை இரண்டு: சிமென்ட் பூச்சும், உயர்ந்த மண்ணும்.

ஓக் கட்டிய பிறகும் அசைந்துகொண்டே இருக்கும். மழைக்காலத்தில் சற்றே ஊதும், கோடையில் சுருங்கும். சிமென்ட் அசையாது. கட்டத்தின் நான்கு ஓரத்திலும் மயிரிழை இடைவெளி விழும், மழைநீர் அதில் இறங்கும். உள்ளே போன நீர் சிமென்ட் வழியாக ஆவியாக முடியாமல், பூச்சுக்குப் பின்னால் வழிந்து அடிச்சட்டத்தின் மேல்முகத்தில் தேங்கும். அந்த மேல்முகத்தில்தான் நட்டுமரங்களின் (தூண்களுக்கு நடுவே நிற்கும் சிறு மரங்கள்) கழுந்து, அதாவது மூட்டு நாக்கு, இறங்கும் துளைகள் எல்லாம் இருக்கின்றன; ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கிண்ணம். இடைவெளியை மாஸ்டிக், சிலிக்கான் கொண்டு அடைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். நீர் நுழையும் வழி எப்படியும் மீண்டும் திறந்துகொள்ளும், வெளியேறும் வழிதான் நிரந்தரமாக மூடிப்போகும்.

வைரம் (மரத்தின் கெட்டியான நடுப்பகுதி) பாய்ந்த ஓக் காய்ந்திருக்கும்வரை நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நிலைத்தால் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை இளக்கிய மரத்தில் டெத்வாட்ச் வண்டு இறங்கும். அதன் வெளியேறும் துளை சுமார் 3 மி.மீ. அகலம். வெளிறை மட்டும் தின்னும் சாதாரண மரவண்டின் துளை 1.5 முதல் 2 மி.மீ. வரை. சின்னத் துளைகளைக் கண்டு யாரும் பதற வேண்டாம், பெரும்பாலும் அது எப்போதோ முடிந்துபோன விவகாரம். பெரிய துளைகளில் புதிதாக மாவு உதிர்கிறதா என்று ஏப்ரல் முதல் ஜூன் வரை பாருங்கள், வண்டு வெளிவரும் பருவம் அதுதான். பூச்சிமருந்தை மேலே தெளிப்பதால் உள்ளே வைரத்துக்குள் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. மரத்தைக் காயவைப்பதுதான் மருந்து.

அதனால் முதல் வேலை மண்வெட்டி வேலை. வெளிமண்ணை அடிச்சட்டத்தின் அடிமட்டத்துக்குக் கீழே 150 முதல் 200 மி.மீ. வரை இறக்குங்கள். வீட்டுக்கு அடிவாரம் ஆழமாக இருக்காது, ஆகவே சுவரை ஒட்டி ஆழமாகப் பள்ளம் எடுக்காதீர்கள். வைக்கோல் கூரைக்கு நீர்த்தாரை கிடையாது, இறவாணத்திலிருந்து மழைநீர் நேரே தரையில் விழுந்து சுவரில் தெறிக்கும். அது விழும் கோட்டில் கல்தளமோ சரளையோ போட்டு, வெளிப்பக்கம் சரிவு கொடுங்கள்.

பிறகு சிமென்ட்டை எடுங்கள், ஒரு கட்டத்தில் மட்டும் முதலில். பின்னால் பழைய வரிச்சும் (குச்சிப் பின்னல்) மண்ணும் உயிரோடு இருக்கலாம். இருந்தால் அதைக் காப்பாற்றுவதே வேலை, புதிதாகச் செய்வது அடுத்ததுதான். ஓட்டை விழுந்த இடத்துக்கு: பிளந்த ஓக் குச்சிகளை 200 முதல் 300 மி.மீ. இடைவெளியில் மேல்துளையில் செருகி, கீழ்ப்பள்ளத்தில் நகர்த்தி நிறுத்துங்கள். விரல் தடிமன் ஹேசல் (வளையும் குச்சி தரும் புதர்மரம்) கொம்புகளைக் குறுக்கே கூடை முடைவதுபோல் பின்னுங்கள். களிமண் கலந்த அடிமண், கூர்மணல், நறுக்கிய வைக்கோல், சாணம் ஆகியவற்றை மிதித்துப் பிசைந்து, உள்ளே ஒருவர் வெளியே ஒருவர் நின்று ஒரே நேரத்தில் அறைய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அறைந்தால் மறுபக்கம் பிதுங்கி விழும், இரண்டு பக்கமும் வரிச்சுக்கு நடுவே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. காயும்போது ஓரம் விலகும், வெடிப்பும் விடும். அதற்காகக் கவலை வேண்டாம். முழுசாகக் காய்வதற்கு முன் கட்டைவிரலால் அழுத்தி மீண்டும் அடைக்கலாம். களி அதிகமானால் வெடிப்பும் அகலமாகும், அப்போது மணலைக் கூட்டுங்கள்.

மண் காய்ந்ததும் முடி கலந்த சுண்ணாம்புப் பூச்சு, மெல்லியதாக. மரத்தின் முகத்தைத் தாண்டிப் புடைக்கக் கூடாது, புடைத்தால் அந்த விளிம்பில் நீர் நிற்கும். அதன்மேல் பால் பதத்தில் சுண்ணாம்பு, ஈரப்படுத்திய சுவரில் நான்கைந்து கை. ஒரே கையில் கெட்டியாக அடித்தால் பொருக்குப் பொருக்காக உதிரும். வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போகும் மாதங்களில் சுண்ணாம்பு வேலையே வேண்டாம்.

மரத்துக்குக் கறுப்பு அடிப்பது பல இடங்களில் விக்டோரியா காலத்துப் பழக்கம். அதற்கு முன் ஓக்கைச் சாம்பல் நிறமாக வெளுக்க விட்டார்கள், அல்லது மரம் சுவர் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். கறுப்பை எடுக்க மணல் பீய்ச்சும் எந்திரம் கொண்டுவரச் சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். உளிமுனை சொன்ன தச்சர் கீறல்கள் ஒரே மணி நேரத்தில் போய்விடும்.

உளிமுனை:

அடிச்சட்டத்தின் மரவேலையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கெட்டதை மட்டும் வெட்டுங்கள். முழு நீளத்தையும் மாற்றச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். தூணின் கால் கெட்டிருந்தால் நல்ல மரம் வரும்வரை வெட்டி, புது ஓக்கைச் சரிவுமுகமாக ஒட்டுப்போட வேண்டும். ஒட்டின் நீளம் தூணின் தடிமனைப் போல் குறைந்தது மூன்று மடங்கு. வெளிமுகத்தில் தெரியும் கோடு வெளிப்பக்கம் சரிய வேண்டும், உள்ளே சரிந்தால் மழை அதன் வழியே உள்ளே போகும்.

மர ஆணிக்கு வைரத்தைப் பிளந்து செதுக்குங்கள், கடைசலில் உருட்டிய குச்சி வேண்டாம். கழுந்தில் உள்ள துளையைத் தோள் பக்கமாகச் சுமார் 3 மி.மீ. தள்ளிப் போட்டால், ஆணி இறங்கும்போதே மூட்டை இழுத்து இறுக்கும். போல்ட் தேவைப்படும் இடத்தில் துருப்பிடிக்காத எஃகு மட்டும். ஓக்கின் துவர்ப்புச் சத்து சாதாரண இரும்பை அரித்து, மரத்தையும் நீலக் கறுப்பாக்கும்.

முட்டு பாரத்தை வாங்கிக்கொள்ளத்தான், வீட்டைத் தூக்குவதற்கு இல்லை. 500 வருடம் சாய்ந்து நின்று இறுகிய மூட்டுகளை ஜாக்கி வைத்து நிமிர்த்தினால் கழுந்துகள் பிளக்கும். சாய்வு சாய்வாகவே இருக்கட்டும். புது அடிச்சட்டத்தைச் சுண்ணாம்புக் காரையில் கட்டிய தாழ்ந்த செங்கல் அல்லது கல் மேடையில் உட்கார வையுங்கள். கீழே பிளாஸ்டிக் தாள் விரிக்காதீர்கள், மேலிருந்து வரும் நீர் அதில்தான் தேங்கும்.

முகட்டுவைக்கோல்:

கூரை விஷயத்தில் அவசரப்படாதீர்கள், இதில் தவறினால் திருப்பி எடுக்கவே முடியாது.

நீள்வைக்கோலும் நாணலும் வேய்வதே வேறு. நீள்வைக்கோலில் கதிர்ப்பக்கமும் அடிப்பக்கமும் கலந்திருக்கும்; நனைத்து, இழுத்து நேராக்கி, கற்றையாகப் பிடித்து வேய்வார்கள். மேலே ஊற்றியதுபோல் மென்மையாக வழிந்து நிற்கும். இறவாணத்திலும் பக்க விளிம்பிலும் பிளந்த ஹேசல் குச்சிகள் வெளியே தெரியும். நாணலில் அடிப்பக்கம் மட்டுமே வெளியே, தட்டித் தட்டி ஏற்றிய தூரிகை முகம் மாதிரி விறைப்பாக இருக்கும். உங்கள் பகுதியின் மரபு நீள்வைக்கோல். பொருளை மாற்றினால் வீட்டின் முகமே மாறும். பட்டியல் கட்டடம் என்பதால் அதற்குப் பட்டியல் கட்டடங்கள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியும் வேண்டும். அனுமதி இல்லாமல் செய்தால் அது குற்றம்.

நாணல் அதிக நாள் வரும் என்பது பொதுவாக உண்மைதான். நல்ல சரிவு இருந்தால் 40 ஆண்டுக்கு மேலும் நிற்கும், நீள்வைக்கோல் 15 முதல் 25. ஆனால் எதுவாக இருந்தாலும் முகட்டை 10 முதல் 15 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தே ஆக வேண்டும். கூரைச் சரிவை அளந்தீர்களா? 45 டிகிரி குறைந்தபட்சம், 50 இருந்தால் நிம்மதி. சன்னல் மாடங்களுக்குப் பின்னால் சரிவு குறைந்து நீர் சேரும் இடங்களில்தான் கூரை முதலில் அழுகும். வடக்குச் சரிவும் மரநிழல் விழும் சரிவும் அடுத்தது.

நல்ல வைக்கோல் கூரையில் மழை வெளித்தோலில் இரண்டு அங்குலத்துக்குள் நின்றுவிடும், உள்ளே காய்ந்தே இருக்கும். அதனால்தான் நீள்வைக்கோலில் மேல் அழுகலை மட்டும் சீவிவிட்டு, பழைய அடுக்கின்மேல் புது அடுக்கை முறுக்கிய ஹேசல் ஊசிகளால் குத்தி நிறுத்துவது வழக்கம். நாணலுக்கு அப்படி இல்லாமல் பெரும்பாலும் கைமரத்தின் குறுக்கே அடித்த வரிச்சு மட்டம்வரை பிரிக்கிறார்கள். கூரை தீர்ந்துவிட்டதா என்று வயதை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். குத்திய குச்சிகள் மேற்பரப்பில் தெரியத் தொடங்கினால்தான் காலம் முடிந்தது. அவற்றின்மேல் இன்னும் வைக்கோல் இருந்தால் முகட்டையும் பள்ளங்களையும் சரிசெய்தாலே போதும்.

ஒரு கேள்வி: கூரை அறைக்குள் ஏறிப் பார்த்தீர்களா? கைமரமும் வைக்கோலின் அடிப்பக்கமும் என்ன நிறம்?

அளவுநாடா:

இன்று ஏறினேன். சரிவு 52 டிகிரி. நடு அங்கணத்திலும் அதற்கு மேற்கிலும் கைமரம், வரிச்சு, வைக்கோலின் அடிப்பக்கம் எல்லாம் தார் பூசியதுபோல் கருகரு என்று இருக்கின்றன. விரலில் மினுமினுப்பான கரி ஒட்டுகிறது. கிழக்கு அங்கணத்தில் எல்லாம் சுத்தமான பழுப்பு. கறுப்பு ஒரு சட்டத்தின் மேற்கு முகத்தோடு நின்றுவிடுகிறது. தீவிபத்தின் தடமா?

முகட்டுவைக்கோல்:

தீவிபத்து இல்லை. தீ பிடித்திருந்தால் மரம் கரிந்து முதலைத் தோல்போல் வெடித்திருக்கும், வைக்கோல் மிஞ்சியிருக்காது. நீங்கள் தொட்டது புகைக்கரி. புகைபோக்கி கட்டுவதற்கு முன் அந்த அங்கணங்கள் மேல்தளம் இல்லாத, முகடுவரை திறந்த கூடம். நடுத்தரையில் அடுப்பு எரிந்து, புகை கூரைவழியே கசிந்து போயிற்று. கறுப்பு நிற்கும் அந்தச் சட்டம்தான் அன்றைய வீட்டின் கடைசி, மூடிய சுவர். உளிமுனை ஊகித்ததற்கு இதுவே சாட்சி: கிழக்கு அங்கணம் புகைபோக்கி வந்த பிறகு சேர்த்தது.

இனி முக்கியமான விஷயம். வைக்கோலும் கறுத்திருக்கிறது என்றால், திறந்த அடுப்பு எரிந்த காலத்தில் வேய்ந்த முதல் அடுக்கு இன்னும் அங்கேயே இருக்கிறது. இங்கிலாந்தில் இப்படி எஞ்சியவை அதிகமும் டெவனில், உங்கள் பக்கம் குறைவு. அதற்குள் கம்பு உயரம் வளர்ந்த இடைக்காலக் கோதுமை, ரை என்னும் தானியம், வயல் களைகள், கட்டிய கொடி, முடிச்சு எல்லாம் அப்படியே இருக்கும். அன்றைய பயிரை வேரிலிருந்து கதிர்வரை வேறெங்கும் இப்படிப் பார்க்க முடியாது. கைமரம்வரை பிரிக்கும் பேச்சை இன்றே நிறுத்துங்கள். பாதுகாப்பு அலுவலருக்குப் படத்தோடு எழுதுங்கள். யாரும் அதைத் துடைக்கவோ, பெருக்கவோ, மாதிரிக்கு உருவவோ வேண்டாம். நீங்களும் முகக்கவசம் இல்லாமல் ஏறாதீர்கள். வௌவால் எச்சம் கண்ணில் பட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வௌவாலுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, கூரை வேலைக்கு முன் தனி ஆய்வு தேவைப்படும்.

வேலைக்கு நீள்வைக்கோல் மேலடுக்கு மட்டும் போதும். தண்டு நீண்ட கோதுமை வேண்டும், மேரிஸ் விட்ஜன் போன்ற வகை, அறுத்துக் கட்டாகக் கட்டும் எந்திரத்தால் எடுத்தது. இன்றைய குட்டைக் கோதுமையும் கம்பைன் அறுவடையும் தண்டை நொறுக்கிவிடும். முகட்டைச் சமமாக, வேலைப்பாடு இல்லாமல் முடிக்கச் சொல்லுங்கள். உயர்த்தி வெட்டிய பூவேலை முகடு உங்கள் பகுதிக்குப் பிந்தி வந்த நாகரிகம்.

புகைபோக்கியை மறக்காதீர்கள். வைக்கோல் கூரைத் தீ அதிகமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆன் ஹாத்தவே குடிலின் கூரையே 1969இல் தீயில் சேதமானது. கூரை அறைக்குள் செங்கல் மூட்டுகளில் காரை உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், விளக்கடித்து ஒவ்வொரு வரிசையாக. புகைபோக்கியின் வாய் முகட்டுக்கு மேல் 1.8 மீட்டர் இருக்க வேண்டும். கூரை புதுப்பிக்கப் புதுப்பிக்க முகடு தடித்து அந்த உயரம் குறைந்துகொண்டே வரும், அதனால் இப்போதே அளந்து வரைபடத்தில் எழுதிவிடுங்கள். விறகு அடுப்பு இருந்தால் புகைபோக்கியை ஆண்டுக்கு இருமுறை சுத்தம் செய்து, காய்ந்த விறகு மட்டும் எரிக்க வேண்டும். பொறி தடுக்கும் வலை போட்டிருந்தால் தார் படிந்து அடைத்திருக்கும், அதைக் கழற்றிப் பாருங்கள்.

உளிமுனை:

அப்படியானால் வரிசை மாறுகிறது. கூரைமேல் யாரும் ஏறுவதற்கு முன் தெற்குச் சுவருக்கு முட்டும் அடிச்சட்ட ஒட்டும் முடிய வேண்டும். கறுத்த வைக்கோலுக்கு மேல் ஆள் நடமாடும்போது சுவர்த்தலை ஒரு சென்டிமீட்டர் அசைந்தாலும் அந்த அடுக்கு கைமரத்திலிருந்து கழன்று விழக்கூடும். மேற்குப் பாதியில் பாரம் வளைமரத்தில் இருப்பதால், வெட்டு வேலையை அங்கே தொடங்கி, பெட்டிச் சட்டமான கிழக்கு அங்கணத்தைக் கடைசியில் தொடுங்கள். வளைமரங்களின் கால் இரண்டையும் தரைப்பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ஈரமானியின் அளவை இங்கே எழுதுங்கள். அது 20க்குக் கீழே இருந்தால் அங்கே வேலையே இல்லை.